கையொப்பமிட்ட ஒளிப்பட நூல்கள்: உடைமையா? அமானிதமா?

நூல்களைத் தேடிச் சேர்த்தல் நம்மவர்க்குப் புதிய செயல் அன்று. ஏட்டுச் சுவடிகளை நாடி ஊர் ஊராய் நடந்த டாக்டர் உ.வே. சாமிநாதையரின் உழைப்பை நாம் வகுப்பறையில் வியந்து படிக்கின்றோம். அரபுக் கையெழுத்துப் படிகளைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்துத் தலைமுறை தலைமுறையாய்க் காத்துவந்த ஆலிம் பெருமக்களின் இல்லங்களையும் அறிவோம். ஆயின் இந்நாளில் உலகின் பெருநகரங்களில் வளர்ந்து நிற்கும் ஒருவகைச் சேகரிப்பு இவற்றோடு உறவுடையதாயினும் வேறு குணம் உடையது. கலைஞரின் கையொப்பம் பெற்று, எண்ணிக்கை வரையறுக்கப்பட்டு வெளிவரும் ஒளிப்பட நூல்களைச் சேர்ப்பதையே குறிப்பிடுகின்றோம்.

ஒளிப்படக் கலைஞர் ஒருவர் தம் படங்களை நூலாக்குங்கால் இத்தனை படிகளே வெளிவரும் என்று முன்னரே வரையறுத்து விடுகின்றார். அவ்வெண்ணிக்கை நூறாகவும் இருக்கலாம். ஐந்நூறாகவும் ஆயிரமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு படியிலும் 37/500 என்பதுபோல் வரிசை எண் இடப்படும். அதனருகே கலைஞர் தம் கையால் ஒப்பமிடுவார். துணிக்கட்டு அட்டை, அதற்கோர் உறைப்பெட்டி, சிலவற்றுள் தனியே வைத்த அசல் ஒளிப்படம் ஒன்று என அந்நூல் அணிபெற்று வரும். விற்றுத் தீர்ந்தபின் அவ்வடிவில் மீண்டும் அச்சிடுவதில்லை என்பது பதிப்பாளர் தரும் உறுதி. எனவே இன்று வாங்கியவர் நாளை பன்மடங்கு விலைக்கு விற்றலும் கூடும். நூலைச் சுற்றிய கண்ணாடித் தாளைக் கிழிக்காமலே வைத்திருந்தால் விலை இன்னும் ஏறும் என்பதால், இரண்டு படி வாங்கி ஒன்றைப் பிரித்துப் பார்த்து மற்றதைப் பிரிக்காது வைப்பாரும் உளர்.

இதனைச் செல்வர் விளையாட்டென்று ஒதுக்குவோரும், நிலத்திலும் பொன்னிலும் இடும் முதலீட்டோடு ஒப்ப வைத்து மெச்சுவோரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரோடும் நமக்கு உடன்பாடில்லை. இந்நூல்களைச் சேர்ப்பது தக்க பணி, கையொப்பமும் மதிக்கத்தக்கது. ஆயின் அவற்றைச் சேர்ப்பவர் தம்மை உரிமையாளராக அன்றிப் பொறுப்பாளராகக் கருதவேண்டும் என்பது நம் துணிபு. அதற்குரிய காரணங்களை ஒளிப்பட நூலின் வரலாற்றிலிருந்தே காட்டலாம்.

தொடக்கக் காலத்தில் ஒளிப்பட நூல் அனைத்தும் அரிய நூலாகவே இருந்தது. ஃபாக்ஸ் டால்பட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்ற நூலில் 24 படங்கள் உள்ளன. அவை அச்சிடப்பட்டவை அல்ல. சூரிய ஒளியில் ஒவ்வொன்றாய் எடுத்துத் தாளில் ஒட்டப்பட்டவை. அதற்கு ஓராண்டு முன்னரே, 1843இல், ஆனா அட்கின்ஸ் என்னும் அம்மையார் கடற்பாசிகளைத் தாளின்மேல் வைத்து ஒளியில் காட்டி நீலப் படங்களாக்கி, அவற்றை நூலாய்த் தொகுத்து நண்பர்க்கு வழங்கத் தொடங்கிவிட்டார். அவர் நூலில் இட்டது 'ஏ.ஏ.' என்ற ஈரெழுத்து மட்டுமே. பிற்காலத்தில் அப்படி ஒன்றைப் பெற்ற ஒருவர் அவ்வெழுத்துகளுக்கு 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது பெயரறியா ஆர்வலர், என்று பொருள் கொண்டுவிட்டார்! முழுப்பெயர் இடாத அடக்கம் ஒரு பெண்மணியின் உழைப்பைப் பல்லாண்டு மறைத்தது. கையொப்பத்தை வெறும் வணிகத் தந்திரம் என்று நாம் ஏன் சொல்லவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் இடமுண்டு. சென்னை மாகாண அரசு 1856இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரை அரசு ஒளிப்படக்காரராய் அமர்த்தியது. அதற்கு முந்திய ஆண்டில் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்துத் திரும்பியவர் அவர். 1857ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றினார். மெழுகேற்றிய தாளில் எதிர்ப்படம் எடுத்து, அதிலிருந்து வெயிலில் ஒவ்வொரு படியாய் ஆக்கவேண்டிய காலம் அது. சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனையை அவர் அன்று கண்டவாறே நாம் இன்று காண்பது அப்படங்களால்தான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாய் எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாய் ஆக்கினார். தமிழ்க் கல்வெட்டுகளை ஒளிப்படத்தால் பதிவு செய்யலாம் என்பதை அத்தனை முற்காலத்திலேயே காட்டிய செயல் இது. தமிழ்த்துறை மாணவர் தெரிந்திருக்கவேண்டிய செய்தி. பாடநூலில் ஏனோ இடம்பெறுவதில்லை.

அப்படங்கள் 1858இல் ஊர்வாரியாய் நூல் தொகுதிகளாக வெளிவந்தன. சிறிய எண்ணிக்கையிலேயே அவற்றை ஆக்க முடிந்தது. அது வணிகர் வகுத்த வரம்பன்று. வெயிலும் வெள்ளி உப்பும் மனித உழைப்பும் வகுத்த வரம்பு. 1859இல் ஆளுநராய் வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் இது என்று அப்பணியை நிறுத்தச் செய்தார். கணக்குப் பார்த்தவர் செய்த முடிவு அது. அவரைக் குறைகூறுவது எளிதன்று. ஆயினும் நிறுத்தப்பட்டது நம் ஊர்களின் நினைவேடு. எஞ்சிய தொகுதிகள் இன்று பிரித்தானிய நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவைபோன்ற பிற நிறுவனங்களிலும் உள்ளன. வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் 2014, 2015ஆம் ஆண்டுகளில் அவை கண்காட்சியாய் வைக்கப்பட்டபோது மதுரையையும் தஞ்சையையும் அந்நகர மக்கள் கண்டனர். மதுரை மாணவன் ஒருவன் அவற்றின் அசலைக் காண வேண்டுமாயின் கப்பலோ விமானமோ ஏறவேண்டிய நிலை!

எண்ணிக்கையை வரையறுத்து, விலையை உயர்த்தி, செல்வரை நாடிய நூலுக்கு எடுத்துக்காட்டாய் அமெரிக்காவின் எட்வர்ட் கர்ட்டிஸ் உருவாக்கிய 'வட அமெரிக்க இந்தியர்' என்னும் பெருந்தொகுதியைச் சொல்லலாம். 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகள். ஒவ்வொன்றோடும் பெரிய படங்கள் அடங்கிய தனிப்பேழை. ஜே.பி. மார்கன் என்னும் பெருஞ்செல்வர் 1906இல் 75,000 டாலர் தர இசைந்தார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் முன்னுரை எழுதினார். 500 அடைவுகளே வெளிவரும் என்று அறிவித்து, தொடக்கத்தில் அடைவொன்றுக்கு 3,000 டாலர் விலை குறித்தனர். முடிவில் 300 அடைவுகள்கூட முழுமை பெறவில்லை. 1935இல் விற்காத அடைவுகளும் அச்சுத் தகடுகளும் பாஸ்டன் நகரப் புத்தக வணிகர் ஒருவருக்கு 1,000 டாலருக்குக் கைமாறின. அதே தொகுதியின் ஓர் அடைவு 2012இல் நியூயார்க் ஏலத்தில் 28 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. உழைத்த கர்ட்டிஸோ 1952இலேயே மறைந்துவிட்டார்.

விலை ஏறி இறங்கிய கதையைவிட நம் நெஞ்சைத் தைப்பது வேறொன்று. அந்நூலில் எவர் முகங்கள் பதிவாயினவோ அந்தப் பழங்குடி மக்களில் அதனை வாங்க வல்லவர் யாவர்? தம் பாட்டன் முகத்தைக் காணத் தம்மாலியலாதபடி அம்முகம் செல்வரின் நூலறையில் தோல்கட்டு அட்டைக்குள் அடைபட்டிருந்தது. பின்னாளில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த அடைவு முழுவதையும் கணினி வழியே எவரும் காணுமாறு ஆக்கியபின்னரே அக்கதவு திறந்தது. (கர்ட்டிஸ் தம் படங்களில் 'பழமை' தோன்றவேண்டும் என்பதற்காகச் சிலவற்றைத் திருத்தினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. பீகன் குடியினரின் குடிலில் எடுத்த படமொன்றில் இருந்த கடிகாரத்தையே அழித்துவிட்டார்!)

பின்னர் அச்சுத்தொழில் வளர்ந்தது. பத்தாயிரம் படி அச்சிடுவது நூறு படி அச்சிடுவதைக் காட்டிலும் கடினமில்லை என்றாயிற்று. அதன்பின்னும் எண்ணிக்கையை வரையறுத்தால் அது இயற்கையான அருமை ஆகாது, ஆக்கிக்கொண்ட அருமை. 1999இல் ஹெல்முட் நியூட்டனின் 'சுமோ' என்னும் நூல் 10,000 படிகளாய், ஒவ்வொன்றும் எண்ணும் கையொப்பமும் பெற்று வெளிவந்தது. நூலின் எடை ஏறத்தாழ 30 கிலோ. அதைத் தாங்க இரும்பில் தனி மேசையே வடிவமைத்துக் கொடுத்தனர். முதற்படி 2000இல் பெர்லின் ஏலத்தில் 6,20,000 மார்க்குக்கு விற்றது. அதன் உள்ளடக்கம் பற்றி இம்மலரில் பேசவேண்டுவதில்லை. நம் இல்லங்களில் வைக்கத்தக்கதும் அன்று. பத்தாயிரம் முறை இட்ட ஒப்பம் ஒருவரின் சான்றா, ஒரு தொழிற்சாலையின் முத்திரையா என்பதே நாம் கேட்பது.

இவ்வழக்கத்தை உள்ளிருந்தே மறுத்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷே 1963இல் 'இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்' என்னும் மெல்லிய நூலை 400 படிகளாய் வெளியிட்டு எண்ணிட்டார். விலை மூன்றரை டாலர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது; அவரோ அம்மறுப்பையே ஓர் இதழில் விளம்பரமாக்கினார். சில ஆண்டுகளுக்குள் எண்ணிட்டது தவறென்று அவரே வெளிப்படையாய்ச் சொல்லி, 1967இலும் 1969இலும் எண்ணில்லாமல் மறுபதிப்புச் செய்தார். நல்ல தரமுள்ள நூல் மலிவாய்ப் பலர் கைக்குப் போகவேண்டும் என்பது அவர் நோக்கம். எனினும் சேகரிப்பாளர் விடவில்லை. எண்ணிட்ட அந்த 400 படிகளுக்கே பல்லாயிரம் டாலர் கொடுத்துப் போட்டியிடுகின்றனர். படைத்தவன் விட்டதைப் பிடித்துக்கொண்டு தொங்கும் இவ்வாசையை என்னென்பது!

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் நீதியாகாது. ஒளிப்பட நூல் அச்சிடப் பெரும்பொருள் வேண்டும். நல்ல தாள், நல்ல மை, திறமையுள்ள அச்சாளர் அனைவர்க்கும் ஊதியம் வேண்டும். கையொப்பமிட்ட சில படிகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அவ்வருவாயால் எளிய பதிப்பைக் குறைந்த விலையில் கொடுக்கும் பதிப்பாளரைக் குறைகூறோம். பிரேசில் நாட்டுக் கலைஞர் செபாஸ்தியோ சல்காதோவின் 'ஜெனிசிஸ்' 2013இல் செல்வர்க்கெனப் பெரும்பதிப்பாகவும் பொதுமக்கட்கெனச் சாதாரணப் பதிப்பாகவும் ஒருங்கே வெளிவந்தது. நம் நாட்டின் தயானிதா சிங் 2017இல் வெளியிட்ட 'மியூசியம் பவன்' ஒரு பெட்டிக்குள் அடங்கிய சிறுசிறு மடிப்பு நூல்களாய் உள்ளது. 3,000 படிகளிலும் பெட்டியின் துணி அச்சு தனித்தனி. வாங்கியவர் அதனை விரித்துத் தம் வீட்டிலேயே கண்காட்சி வைக்கலாம். எண்ணிக்கைக்கு வரம்பிருந்தும் அந்நூல் திறப்பதற்கென்றே செய்யப்பட்டது.

இனிக் கையொப்பத்திற்கு வருவோம். நம் சமுதாயத்தார் அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1885இல் டச்சு நாட்டு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே திருமக்காவில் சில திங்கள் தங்கினார். அங்கு அப்துல் கஃப்பார் என்னும் மருத்துவரோடு பழகி, ஒளிப்படக் கலையில் அவருக்குத் துணைநின்றார். ஸ்னூக் நகரை விட்டு வெளியேற்றப்பட்ட பின் அம்மருத்துவர் கஅபாவையும் ஹாஜிகளையும் நகரையும் படமெடுத்து, ஜித்தாவிலிருந்த டச்சுத் தூதரகம் வழியாய் அனுப்பிவைத்தார். மக்கா நகரத்தார் ஒருவர் தம் நகரைத் தாமே படமெடுத்த முதல் முயற்சி அதுவே. அவர் தம் படங்களில் அழகிய அரபு எழுத்தால் மக்கத்து மருத்துவர் எனத் தம் பெயரையும் பொறித்திருந்தார். 1889இல் லெய்டன் நகரில் 'மக்காவிலிருந்து படங்கள்' என்னும் தொகுப்பை ஸ்னூக் வெளியிட்டபோது அக்கையொப்பங்கள் நீக்கப்பட்டன. மருத்துவரின் பெயரும் சொல்லப்படவில்லை. ஒரு நூற்றாண்டுக்காலம் ஸ்னூக்கின் படங்கள் என்றே உலகம் அவற்றைப் பேசிற்று. லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த மூலப் படங்களை ஆய்ந்தோர் அழிந்த பெயரைக் கண்டு வெளிப்படுத்திய பின்னரே உண்மை நிலைபெற்றது.

உருவப்படம் பற்றி மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஹஜ்ஜுக்குச் செல்லும் கடவுச்சீட்டிலேயே படம் ஒட்டும் காலத்தில் வாழ்கின்றோம். நாம் சுட்டுவது இதுதான்: அம்மருத்துவரின் கையொப்பத்தை எவரும் விலை பேசவில்லை, அழித்தனர். கையொப்பம் 'இதனைச் செய்தவன் நான்' என்னும் சாட்சியம். அது மறுக்கப்பட்டவனுக்கே அதன் அருமை தெரியும். இன்று அதே கையொப்பத்தை நூலில் கண்டதும் படத்தைப் பார்க்காமல் ஏல விலையைப் பார்ப்பவர், அழித்தவருக்கு அதிகத் தொலைவில் நிற்கவில்லை என்றே கூறுவோம்.

கையொப்பமிட்ட நூலை எவ்வாறு நடத்துவது என்பதற்கு நம் மரபிலேயே முன்மாதிரி உண்டு. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், தாம் இயற்றிய 'கிதாபுல் இபர்' நூலின் படியொன்றை ஹிஜ்ரி 799இல் (கி.பி. 1396) ஃபெஸ் நகரின் கரவிய்யீன் பள்ளிவாசல் நூலகத்திற்கு வக்ஃபாக வழங்கினார். அந்த வக்ஃபுச் சாசனத்தில் அவர்தம் கையெழுத்து உள்ளது. நம்பகமானவர்க்கு, தக்க ஈடு பெற்றுக்கொண்டு, இரண்டு மாதத்திற்கு மிகாமல் இரவல் தரலாம் என்பது நிபந்தனை. படித்து முடிக்கவோ படியெடுத்துக்கொள்ளவோ போதிய காலம் அது. ஆசிரியர் கையொப்பம் உள்ள அருமையான படி. ஆயினும் அவ்வொப்பம் விற்பனையைத் தடுக்கின்றது, வாசிப்பைத் திறக்கின்றது. அந்நூலின் ஒரு பகுதி இன்றும் அந்நூலகத்தில் இருக்கின்றது.

மேனாட்டிலும் இவ்வுணர்வு இல்லாமலில்லை. பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் மார்ட்டின் பார் ஏறத்தாழ கால் நூற்றாண்டு தேடிச் சேர்த்த 12,000 ஒளிப்பட நூல்கள் 2017இல் லண்டன் டேட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஒரு பகுதி அவரே நன்கொடையாய்த் தந்தது. எந்நூல் எங்கே வெளிவந்தது, எது எதற்கு முன்னோடி என்பதையெல்லாம் கெர்ரி பேட்ஜருடன் சேர்ந்து மூன்று பெருந்தொகுதிகளாய் (2004, 2006, 2014) எழுதியும் வைத்தார். அவர் எழுதியதைப் பார்த்துச் சந்தை விலை ஏறியது என்பர், அது உண்மையே. ஆயினும் அவர் சேர்த்தவை பூட்டிய வீட்டிலிருந்து வாசிப்பு மேசைக்கு வந்தன.

'எல்லாம் கணினித் திரையில் காணக் கிடைக்குமே, மூல நூல் எதற்கு?' என்று மாணவர் கேட்கலாம். ஒளிப்பட நூலில் தாளும் மையும் பொருளின் பகுதி. கார்த்தியே பிரெசோனின் 1952ஆம் ஆண்டு நூலில் கருமை எத்துணை ஆழமாய்ப் படிந்துள்ளது என்பதைத் திரை காட்டாது. அதன் அட்டை ஓவியத்தை மத்தீஸ் வரைந்தார். அந்நிறத்தின் மென்மையும் தாளிலேதான் உண்டு. எப்பக்கத்திற்கு எதிரே எப்பக்கம் வைத்தார், எங்கே வெற்றுத்தாள் விட்டார் என்பதும் நூலைப் புரட்டும் கைக்கே விளங்கும். ஆகவேதான் மூலப்படியைத் தேடுதல் வீண் என்று நாம் சொல்வதில்லை.

எனவே நம் கல்லூரி நூலகத்திற்கு ஒன்று வேண்டுகின்றோம். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நம் முன்னாள் மாணவர் சிலர் இத்தகைய நூல்களை வாங்குகின்றனர். அவர்கள் ஒன்றிரண்டையேனும் இங்கு வக்ஃபாகத் தரலாம். முன்பக்கத்தில் 'விற்பதற்கன்று' என்று தம் கையால் எழுதி ஒப்பமிட்டுத் தரலாம். நூலகத்தார்க்கும் சொல்ல உண்டு. படத்தின் முகத்திலேயே ஊதா நிற முத்திரை குத்தும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும். அட்டையின் உட்புறம் போதும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஒளிப்படத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புள்ளி விழும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். சுவரை ஒட்டாத அலமாரி, அமிலமற்ற உறை, மாதம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விடுதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. கழுவி உலர்த்திய கையே போதுமானது. கையுறை கட்டாயமன்று, கையுறையிட்ட விரல் தாளின் ஓரத்தைக் கிழித்துவிடுவதுண்டு.

நூலைக் கண்ணாடிப் பேழையில் அட்டை தெரிய வைத்துப் பூட்டி, தலைமை விருந்தினர் வரும்நாளில் மட்டும் காட்டும் ஏற்பாட்டுக்கு நாம் உடன்படோம். வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம், ஒரு மேசை, ஓர் உதவியாளர், ஒரு பதிவேடு; பெயரெழுதி ஒப்பமிட்டுவிட்டு முதலாண்டு மாணவனும் பக்கம் புரட்டலாம் என்று தொடங்கினால் போதும்.